எல்க்ஹார்ட் வங்கி மூடப்பட்டபோது யாருடைய பணம் போயிற்று?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் சிற்றூர் வங்கி ஒன்று திவாலானால் வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்திவிட்டுத் திங்கட்கிழமை காலை வேறொரு வங்கியின் பெயரில் திறந்துவிடுகிறார்களாமே? ரிசீவர் என்று ஒருவர் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறாராமே? பணம் போட்டவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை என்றால், காணாமற்போன பணத்தை யார் கொடுத்தது? அரசா?"

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அது வரிப்பணம் அன்று. மூடப்பட்ட வங்கியின் பங்குதாரர்கள் போட்டிருந்த மூலதனம் முதலில் போகிறது. அதற்கு மேல் உள்ள குறையை, நாட்டின் மற்ற வங்கிகள் காலாண்டுதோறும் கட்டிவரும் காப்பீட்டு நிதி ஈடுசெய்கிறது. ஆனால் "பணம் போட்டவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை" என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஓர் ஊரில் முழுப்பணமும் கிடைத்து, இன்னோர் ஊரில் காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்ட பணத்தில் பாதியோடு நிற்க நேர்ந்ததும் உண்டு. ஏன் அப்படி என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட, பொது ஆவணங்களில் முழுமையாகப் பதிவாகியிருக்கும் ஒரு வங்கியின் கதையை வைத்துச் சொன்னால் தெளிவாக இருக்கும்.

கன்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஓக்லஹோமா எல்லையை ஒட்டி எல்க்ஹார்ட் என்ற ஊர் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. கோதுமை, சோளம், மாடு வளர்ப்பு, இயற்கை எரிவாயு ஆகியவைதான் அந்த வட்டாரத்தின் வாழ்வு. கொலராடோ எல்லையும் பக்கத்திலேயே இருப்பதால் அங்கிருந்த வங்கிக்கு 'ஹார்ட்லேண்ட் ட்ரை-ஸ்டேட் பேங்க்' என்று பெயர். நான்கே கிளைகள். 2023 மார்ச் 31 நிலவரப்படி மொத்தச் சொத்து சுமார் 13.9 கோடி டாலர், வைப்புத்தொகை சுமார் 13 கோடி டாலர். அமெரிக்க அளவில் இது மிகச் சிறிய வங்கி. உழவர்களுக்கு விதைப்புக் காலத்தில் கடன் கொடுத்து அறுவடைக்குப் பின் வசூலிப்பது போன்ற, எளிதில் புரியக்கூடிய தொழிலைச் செய்துவந்த வங்கி அது. மூலதனத்திலும் குறை இருக்கவில்லை.

அதன் தலைமை நிர்வாகி ஷான் ஹேன்ஸ். ஊரில் மட்டுமல்லாமல் மாநில வங்கியாளர் சங்கத்திலும் தேசிய அளவிலான வங்கியாளர் சங்கத்திலும் பொறுப்பு வகித்தவர். சிறு வங்கிகளின் சார்பில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னவரும்கூட. 2022-இன் இறுதியில் வாட்ஸ்அப் வழியே அறிமுகமான முகம் தெரியாத ஆட்களின் பேச்சை நம்பி அவர் கிரிப்டோ நாணயத்தில் பணம் போடத் தொடங்கினார். போலியான ஒரு வர்த்தகத் தளத்தில் கணக்கு நாளுக்கு நாள் பெருகுவதாகக் காட்டி, மேலும் மேலும் பணம் போடவைத்து, கடைசியில் எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்ளும் மோசடி அது. பன்றியைக் கொழுக்கவைத்து அறுப்பதைப் போன்றது என்பதால் காவல்துறையினரே அந்தப் பெயரால்தான் இதைக் குறிப்பிடுகிறார்கள். சொந்தப் பணம் தீர்ந்ததும் அவர் ஊரின் தேவாலயப் பணத்தில் 40,000 டாலரையும், உள்ளூர் முதலீட்டுக் குழு ஒன்றின் பணத்தில் 10,000 டாலரையும், தம் மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்துவைத்திருந்த 60,000 டாலரையும் எடுத்தார். அதுவும் போதாமல் வங்கியின் பணத்திலேயே கைவைத்தார். 2023 மே 30-இலிருந்து ஜூலை 7 வரை, ஆறு வாரத்துக்கும் குறைவான காலத்தில், பத்து வயர் டிரான்ஸ்ஃபர்கள், அதாவது மின்வழியில் வேறு வங்கிக்குப் பணம் அனுப்புதல்கள். மொத்தம் 4 கோடியே 71 லட்சம் டாலர். வங்கியின் மொத்தச் சொத்தில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இதற்கிடையில் அவர் ஊரில் வசதியான ஒருவரிடம் போய், மாட்டிக்கொண்ட பணத்தை வெளியே எடுக்க இன்னும் 1 கோடியே 20 லட்சம் டாலர் கட்டவேண்டியிருக்கிறது என்று சொல்லிக் கடன் கேட்டிருக்கிறார். கேட்கப்பட்டவர் கொடுக்கவில்லை, இது மோசடி என்று அவருக்குப் பட்டது, விஷயத்தை வங்கியின் இயக்குநர் ஒருவருக்குத் தெரிவித்தார். எத்தனையோ தணிக்கைகளும் மேற்பார்வைகளும் இருந்தும், இறுதியில் விஷயத்தை வெளிக்கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

கடைசி வயர் போன மூன்றாவது வாரம், 2023 ஜூலை 28 வெள்ளிக்கிழமை, கன்சாஸ் மாநில வங்கி ஆணையர் அலுவலகம் வங்கியை மூடி, கூட்டாட்சி வைப்புக் காப்பீட்டுக் கழகத்தை ரிசீவராக, அதாவது மூடப்பட்ட வங்கியைப் பொறுப்பேற்றுக் கணக்கு முடிப்பவராக, நியமித்தது. இந்தக் கழகத்தை எல்லோரும் எஃப்டிஐசி என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரண நிறுவனம் நொடித்தால் திவால் நீதிமன்றத்துக்குப் போகும். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் வழக்கறிஞர்களோடு வந்து நிற்பார்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாதம் நடக்கும். வங்கிக்கு அந்த வழியே கிடையாது. வங்கிகளை அமெரிக்கத் திவால் சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. உரிமம் கொடுத்த அதிகாரியே அதை ரத்துசெய்து மூடுகிறார்: மாநில உரிமம் பெற்ற வங்கி என்றால் மாநில ஆணையர், தேசிய வங்கி என்றால் வாஷிங்டனில் உள்ள நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். மூடிய அந்த நிமிடமே இயக்குநர் குழுவின் அதிகாரமும் பங்குதாரர்களின் உரிமையும் ரிசீவரிடம் போய்விடுகின்றன. முன்கூட்டியே நீதிமன்ற விசாரணை எதுவும் இல்லை. கடுமையான அதிகாரம்தான். ஆனால் ஒரு வங்கி மூடப்படப்போகிறது என்று ஒரு வாரம் முன்னதாகத் தெரிந்தாலே வாசலில் கூட்டம் நின்று, எஞ்சியிருக்கும் பணமும் முந்திக்கொண்டவர்களுக்குப் போய்விடும் என்பதால், இதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எஃப்டிஐசி இதில் இரண்டு வேறு பாத்திரங்களை ஏற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் கணக்கு விளங்கும். காப்பீட்டாளர் என்ற முறையில் அது வைப்பாளர்களுக்குக் காப்பீட்டு வரம்புக்குள் பணம் கொடுக்கக் கடமைப்பட்டது. ரிசீவர் என்ற முறையில் அது மூடப்பட்ட வங்கியின் சொத்துகளை விற்று, வருகிற பணத்தைச் சட்டம் விதித்த வரிசையில் வங்கியிடமிருந்து பணம் வரவேண்டியவர்களுக்குப் பங்கிடக் கடமைப்பட்டது. வைப்பாளருக்குப் பணம் கொடுத்து முடித்த கணத்தில், காப்பீட்டாளரான எஃப்டிஐசி அந்த வைப்பாளரின் இடத்தில் நின்று, ரிசீவரான எஃப்டிஐசியிடம் அவருடைய பாக்கியைக் கோருகிறது. ஒரே நிறுவனம் என்றாலும் இரண்டு தனித்தனிக் கணக்குப் புத்தகங்கள். ரிசீவரின் புத்தகத்திலிருந்து காப்பீட்டு நிதிக்குத் திரும்பாமல் போகிற தொகைதான் அந்த நிதியின் நஷ்டம்.

எல்க்ஹார்ட்டில் என்ன செய்தார்கள்? அதே மாநிலத்தின் சிரக்யூஸ் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட 'ட்ரீம் ஃபர்ஸ்ட் பேங்க்' வைப்புகள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டு, ஏறத்தாழ எல்லாச் சொத்துகளையும் வாங்கிக்கொண்டது. நான்கு கிளைகளும் ஜூலை 31 திங்கட்கிழமை வழக்கமான நேரத்தில் அதன் கிளைகளாகத் திறந்தன. இடைப்பட்ட சனி ஞாயிறிலும் வாடிக்கையாளர்கள் காசோலை எழுதலாம், ஏடிஎம் அட்டையைப் பயன்படுத்தலாம் என்று அறிவிப்பில் இருந்தது. இப்படி ஒரு வங்கியின் கடமைகளையும் சொத்துகளையும் இன்னொன்று வாங்கி ஏற்பதுதான் அமெரிக்காவில் பெரும்பாலான வங்கித் திவால்களின் முடிவு. வாங்கும் வங்கியைத் தேடும் வேலை, வங்கி மூடப்படுவதற்கு முன்பே ரகசியமாக நடந்துவிடுகிறது. தகுதியுள்ள வங்கிகளிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு, கணக்குகளைக் காட்டி, ஏலம் கேட்கிறார்கள். எந்த ஏலத்தை ஏற்பது என்பதில் எஃப்டிஐசிக்குச் சொந்த விருப்பம் கிடையாது. காப்பீட்டு நிதிக்கு மிகக் குறைந்த செலவு வைக்கும் வழியைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று 1991-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் ஒரு சில குடும்பங்களின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

இந்தத் திவாலில் காப்பீட்டு நிதிக்கு 5 கோடியே 42 லட்சம் டாலர் செலவாகும் என்று எஃப்டிஐசி அன்றைக்கே மதிப்பிட்டது. திருட்டுப்போனது 4.71 கோடிதானே, பங்குதாரர்களின் மூலதனமும் குறுக்கே நிற்கிறதே, நஷ்டம் எப்படித் திருட்டைவிடக் கூடுதலாகும் என்ற சந்தேகம் நியாயமானது. நடந்துகொண்டிருக்கும் வங்கியின் புத்தகத்தில் ஒரு கடன் நூறு டாலர் என்று எழுதப்பட்டிருந்தால், மூடப்பட்ட வங்கியிலிருந்து அதை வாங்குகிறவர் நூறு டாலர் தரமாட்டார். 2022-இலிருந்து வட்டி விகிதம் மளமளவென்று ஏறியதால், பழைய குறைந்த வட்டியில் உள்ள கடன்களும் பத்திரங்களும் சந்தையில் முகமதிப்பைவிட மலிந்துதான் கிடந்தன. அதற்கு மேல், வாங்கிய வணிகக் கடன்களில் பின்னால் நஷ்டம் வந்தால் அதையும் பகிர்ந்துகொள்வதாக எஃப்டிஐசி ட்ரீம் ஃபர்ஸ்ட் வங்கிக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தது. திருடனின் கைக்குப் போனது ஒரு தொகை. திருட்டினால் வங்கியை அவசரமாக விற்க நேர்ந்ததில் கரைந்தது இன்னொரு தொகை.

இனி, பணம் போனது யாருக்கு என்ற கேள்விக்கு வருவோம். ரிசீவர் பங்கிடும் வரிசை இது: அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவர்களுக்கு அந்த அடமானத்திலிருந்து, அடுத்து ரிசீவரின் நிர்வாகச் செலவு, அடுத்து வைப்பாளர்கள், அதற்குப் பிறகு வாடகை, கூலி, பொருள் கொடுத்த பாக்கி போன்ற பொதுக் கடன்காரர்கள், பின்னர் இரண்டாம் நிலைக் கடன் பத்திரக்காரர்கள், எல்லோருக்கும் கடைசியில் பங்குதாரர்கள். வைப்பாளர்களைப் பொதுக் கடன்காரர்களுக்கு முன்னால் நிறுத்தியது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். சிறு வங்கியில் வைப்புதான் கடனின் பெரும்பகுதி என்பதால், வைப்பாளர் வரிசைக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏதாவது மிஞ்சுவது அபூர்வம்.

பெரிய வங்கியின் பங்குதாரர் என்றால் எங்கோ இருக்கும் ஓய்வூதிய நிதியோ முதலீட்டு நிறுவனமோ நம் கண்முன் வரும். எல்க்ஹார்ட்டில் அப்படி அல்ல. ஏறத்தாழ முப்பது பேர். பெரும்பாலும் அந்த வட்டார மக்கள். ஓய்வுக்காலத்துக்கென்றும் பிள்ளைகளுக்கென்றும் ஊர் வங்கியின் பங்கில் போட்டுவைத்தவர்கள். அவர்களுடைய சுமார் 90 லட்சம் டாலர் ஒரே மாலையில் வெறுங்காகிதமாயிற்று. ஆகவே "யாருக்கும் நஷ்டமில்லாமல் வங்கி கைமாறியது" என்று யாராவது எழுதினால் அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வைப்பாளராக அந்த ஊர்க்காரர்கள் தப்பினார்கள். பங்குதாரராக அதே ஊர்க்காரர்களில் சிலர் வீழ்ந்தார்கள். இந்த வழக்கில் மட்டும் அபூர்வமாக ஒன்று நடந்தது. எஃப்பிஐ, கேமன் தீவுகளில் இருந்த ஒரு கிரிப்டோ கணக்கிலிருந்து சுமார் 80 லட்சம் டாலரைக் கண்டுபிடித்து மீட்டது. ஹேன்ஸுக்குத் தண்டனை விதிக்கப்பட்ட பிறகு அந்தப் பணம் பங்குதாரர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ரிசீவரின் வரிசை மூலமாகக் கிடைத்த பணம் அல்ல இது. குற்ற வழக்கின் இழப்பீடாக வந்தது. வழக்கமாக இவ்வகை மோசடியில் போன பணம் சில மணி நேரத்தில் பல கைகள் மாறி மறைந்துவிடும். அதனால் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டு யாரும் நம்பிக்கை வைக்கக்கூடாது.

காப்பீட்டு நிதியின் பங்கைப் பற்றியும் ஒரு சொல். இந்த நிதி வங்கிகள் கட்டும் பிரீமியத்தால் நிரம்புவது. 1933-ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்தால் உருவாகி, 1934-இல் 2,500 டாலர் வரம்போடு தொடங்கிய காப்பீடு இன்று ஒரு வைப்பாளருக்கு, ஒரு வங்கியில், ஓர் உரிமை வகையில் 2,50,000 டாலர் என்ற அளவில் நிற்கிறது. நிதி வற்றினால் அமெரிக்க அரசின் உத்தரவாதம் பின்னால் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எல்க்ஹார்ட்டுக்காக அரசுக் கருவூலம் பணம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு மனிதரின் செயலுக்கான விலையை, அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத ஆயிரக்கணக்கான வங்கிகள் பிரித்துக் கட்டின.

இனி மறுபக்கம். 2024 அக்டோபர் 18 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் லிண்ட்சே என்ற சிற்றூரில் 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க் ஆஃப் லிண்ட்சே' மூடப்பட்டது. சொத்து சுமார் 10.78 கோடி டாலர், வைப்பு சுமார் 9.75 கோடி. எல்க்ஹார்ட் வங்கியைவிடச் சற்றே சிறியது. பொய்யான, ஏமாற்றும் வகையிலான பதிவுகளும் மோசடிக்கான அறிகுறிகளும் கண்டுபிடிக்கப்பட்டதாக நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் அறிவித்தது. இங்கேயும் வாங்க ஒரு வங்கி வந்தது. டங்கன் என்ற ஊரைச் சேர்ந்த 'ஃபர்ஸ்ட் பேங்க் அண்ட் டிரஸ்ட்'. ஆனால் அது காப்பீடு உள்ள வைப்புகளை மட்டுமே ஏற்றது. வரம்பைத் தாண்டிய வைப்பு சுமார் 71 லட்சம் டாலர். அந்தத் தொகையில் பாதியை மட்டும் திங்கட்கிழமையே எடுத்துக்கொள்ளலாம் என்று எஃப்டிஐசி அறிவித்தது. மீதிப் பாதிக்கு ரிசீவரின் சான்றிதழ்தான். சொத்துகள் விற்று வரவர ஏதேனும் கிடைத்தால் கிடைக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? மேலே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன குறைந்த செலவு விதிதான். எல்லா வைப்புகளையும் ஏற்கும் ஏலம்தான் நிதிக்கு மலிவு என்றால் வரம்பு தாண்டிய வைப்பாளரும் தப்புவார். அப்படி ஓர் ஏலம் வராவிட்டால், அல்லது வந்தும் அது நிதிக்குக் கூடுதல் செலவு வைத்தால், அவரைக் காப்பாற்ற எஃப்டிஐசிக்குச் சட்டப்படி அதிகாரமே இல்லை. எந்தக் கடன் உண்மை, எந்தக் கடன் கற்பனை என்று தெரியாத புத்தகத்தை வைத்துக்கொண்டு யாரும் தாராளமாக ஏலம் கேட்கமாட்டார்கள். எல்க்ஹார்ட்டில் திருட்டு ஒரே வழியாக, பத்து வயர்களாக நடந்தது. கடன் புத்தகம் ஒழுங்காகவே இருந்தது. வாங்குகிறவர் எதை வாங்குகிறார் என்று அவருக்குத் தெரிந்தது. வைப்பாளர்களின் நல்வினைக்கு அதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி என்ற பெரிய வங்கி விழுந்தபோது வரம்பு தாண்டிய வைப்புகள் அத்தனையும் காப்பாற்றப்பட்டனவே என்று கேட்பவர்களுக்கு: ஆம், நாட்டின் நிதி அமைப்புக்கே ஆபத்து என்று எஃப்டிஐசி குழு, மத்திய வங்கிக் குழு ஆகிய இரண்டும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு பரிந்துரைத்து, நிதியமைச்சர் குடியரசுத் தலைவரோடு கலந்து முடிவெடுத்தால் குறைந்த செலவு விதியைத் தளர்த்தலாம் என்று சட்டத்தில் விலக்கு இருக்கிறது. லிண்ட்சேயில் கோதுமை விற்ற பணத்தை வைத்திருந்தவருக்காக அந்த விலக்கை யாரும் பயன்படுத்தப்போவதில்லை. ஊர் சிறியது, வங்கி சிறியது, ஆகவே ஆபத்தும் சிறியது என்பது சட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் தர்க்கம் இருக்கிறது. நியாயம் இருப்பதாக எனக்குப் படவில்லை. ஒரே சட்டத்தின் கீழ் ஒரே வகையான வைப்பு வைத்தவர்களில், ஆரவாரமாக விழுந்த வங்கியில் இருந்தவர் முழுதும் பெற்றார். அமைதியாக விழுந்த வங்கியில் இருந்தவர் பாதியோடு நின்றார்.

கடன் வாங்கியவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சிற்றூரில் உண்மையான அலைச்சல் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். வங்கி மூடினால் கடன் ரத்தாகிவிடாது. தவணை கட்டவேண்டும், கட்டவேண்டிய இடம்தான் மாறும். ஆனால் உழவரின் கடன் வீட்டுக் கடன் போன்றதல்ல. விதை, உரம், டீசல், தீவனம் என்று பருவம் முழுக்கச் சிறுகச் சிறுக எடுத்து, அறுவடைக்குப் பின் மொத்தமாகக் கட்டும் கடன் அது. பாதிப் பருவத்தில் வங்கி மூடினால், இன்னும் எடுக்காமல் இருக்கும் மீதித் தொகையைத் தர ரிசீவர் கட்டுப்பட்டவர் அல்லர். அந்த ஒப்பந்தத்தைக் கைவிடச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. கடன்களை வாங்க யாரும் முன்வராவிட்டால், அவை ரிசீவரிடமே தங்கி, பின்னர் தொலைதூர முதலீட்டாளர் ஒருவருக்குத் தொகுப்பாக விற்கப்படும். அவருக்கு மழை பொய்த்ததும் தெரியாது, மூன்று தலைமுறையாக ஒழுங்காகக் கட்டிவந்த குடும்பம் என்பதும் தெரியாது.

இதைவிடக் கடுமையான விதி ஒன்று உண்டு. சிற்றூர் வங்கியில் பாதி வேலை வாய்ச்சொல்லில் நடக்கிறது. "அறுவடை தாமதமானால் பார்த்துக்கொள்ளலாம், புதுப்பித்துத் தருகிறேன்" என்று மேலாளர் காப்பிக் கடையில் சொன்னதை நம்பி ஒருவர் நிலத்தில் முதல் போட்டிருப்பார். எஃப்டிஐசி வந்த பிறகு அந்தச் சொல்லுக்கு மதிப்பு இல்லை. 1942-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்து, பின்னர் சட்டமாகவே எழுதப்பட்ட விதி இது: ரிசீவரின் உரிமையைக் குறைக்கும் எந்த உடன்பாடும் எழுத்தில் இருக்கவேண்டும், கடன் கொடுத்த காலத்திலேயே இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கவேண்டும், இயக்குநர் குழுவோ கடன் குழுவோ ஒப்புக்கொண்டு கூட்டக் குறிப்பில் பதிந்திருக்கவேண்டும், அன்று முதல் இடைவிடாமல் வங்கியின் கோப்பில் இருந்திருக்கவேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த உடன்பாட்டைக் காட்டி வாதாட முடியாது. பொய் உடன்பாடுகளைச் சொல்லி ஆளாளுக்குக் கடனிலிருந்து நழுவுவதைத் தடுக்கத்தான் இப்படி வைத்தார்கள். அது தேவையான விதிதான். ஆனால் நம்பிக்கையின்மீது தொழில் நடத்திய ஊரில், நேர்மையானவரையும் அது சேர்த்தே அடிக்கிறது. எல்க்ஹார்ட்டில் வட்டாரத்தை அறிந்த வங்கியே கிட்டத்தட்ட எல்லாக் கடன்களையும் வாங்கிக்கொண்டதால் இந்த அவதி பெருமளவு தவிர்ந்தது.

ரிசீவரிடம் பாக்கி கேட்பவர்களுக்கும் ஒழுங்குமுறை உண்டு. பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு, குறைந்தது 90 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைகளைப் பெறவேண்டும். 180 நாளுக்குள் ஏற்பா மறுப்பா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 60 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். இந்த வழியைக் கடக்காமல் நேரே வழக்குப் போட்டால் நிற்காது. அவகாசத்தைத் தவறவிட்டவர்களுக்குப் பொதுவாக இரக்கம் காட்டப்படுவதில்லை.

மேற்பார்வையாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. காப்பீட்டு நிதியின் நஷ்டம் 5 கோடி டாலரைத் தாண்டினால், மேற்பார்வை செய்த அமைப்பின் தலைமைத் தணிக்கை அதிகாரி காரணங்களை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். ஹார்ட்லேண்ட் வங்கி மத்திய வங்கி அமைப்பின் உறுப்பு என்பதால் மத்திய வங்கியின் தணிக்கை அதிகாரி 2024 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டார். அதன் சாரம் எளிமையானது. வங்கியில் வயர் அனுப்புவதற்கு வரம்புகளும் உள்கட்டுப்பாடுகளும் எழுத்தில் இருந்தன; தலைமை நிர்வாகி சொன்னார் என்பதற்காக ஊழியர்கள் அவற்றைச் சுற்றிப் போனார்கள். வங்கியிலும் ஊரிலும் அவருக்கு இருந்த செல்வாக்கு அவரைக் கேள்வி கேட்க முடியாத ஆளாக்கியிருந்தது.

சிற்றூர் வங்கித் திவால்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறவர்களுக்கு இந்த வாசகம் புதிதன்று. டெக்சஸ் மாநிலத்தின் கூப்பர் என்ற ஊரில் 2019 மே மாதம் 'எனலோ ஸ்டேட் பேங்க்' என்ற சின்னஞ்சிறு வங்கியில் தீப்பிடித்தது. இயக்குநர்கள் கூடும் அறையோடு தீ நின்றுவிட்டது. மேசைமேல் அடுக்கிவைக்கப்பட்டிருந்த கோப்புகள் எரிந்திருந்தன. மாநில அதிகாரிகள் சோதனைக்கு வரவிருந்த நேரம் அது. வங்கியின் தலைவரே வைத்த தீ என்றும், எரிந்தவை போலிக் கடன்களின் கோப்புகள் என்றும் பின்னர் தெரியவந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு எட்டாண்டு சிறைத் தண்டனை பெற்றார். எல்லாத் திவாலும் மோசடி அல்ல. அயோவா மாநிலத்தின் சாக் சிட்டியில் 2023 நவம்பரில் மூடப்பட்ட 'சிட்டிசன்ஸ் பேங்க்' தன் வட்டாரத்துக்கு வெளியே லாரி நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்களால் கெட்டது. ஆனால் அண்மைக் காலத்தில் மிகச் சிறிய வங்கிகளின் வீழ்ச்சியில், எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் மதிக்கும் ஒரே ஒருவரின் கையெழுத்து மீண்டும் மீண்டும் தென்படுகிறது.

ஹேன்ஸ் 2024 மே மாதம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 19 அன்று விச்சிட்டா கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்கு 24 ஆண்டு 5 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அவரும் ஏமாற்றப்பட்டவர்தானே என்று இரங்குபவர்கள் உண்டு. முதல் சில ஆயிரம் டாலர் வரை அது பொருந்தும். தேவாலயத்தின் பணத்தில் கைவைத்த நாளோடு அந்த இரக்கத்துக்கான இடம் முடிந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்தப் பத்து வயர்களும் போன விதம். ஒவ்வொன்றையும் ஓர் ஊழியர் கணினியில் பதிந்திருப்பார். வரம்பைத் தாண்டுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சொன்னவரோ அவருக்கு வேலை கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்து வரிசையில் உட்காருபவர். அந்த இடத்தில் "முடியாது" என்று சொல்ல ஒருவரால் மட்டும் இயலாது. அவருக்குப் பின்னால் ஏற்பாடு இருக்கவேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் எந்த வயரும், நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர் ஒருவர் தொலைபேசியில் நேரே உறுதிசெய்யாமல் வெளியேறக்கூடாது என்ற ஒரே விதி உண்மையாகவே நடைமுறையில் இருந்திருந்தால், முதல் வயரிலோ இரண்டாவதிலோ விஷயம் நின்றிருக்கும். வங்கி இன்றும் அதே பெயரில் இருந்திருக்கும். வங்கியில் நடக்கும் சட்டமீறலை மேற்பார்வை அதிகாரிகளிடம் தெரிவிக்கும் ஊழியரை வேலையைவிட்டு நீக்கவோ துன்புறுத்தவோ கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நான்கு கிளை உள்ள வங்கியில் அந்தச் சட்டத்தையும், அழைக்கவேண்டிய அதிகாரியின் எண்ணையும் வயர் அனுப்பும் மேசையில் இருப்பவருக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பதற்கு எந்தச் செலவும் ஆகாது.